அட்டை அண்ணன் பார்த்த காட்சி

ஒரு ஆங்கிலப் படத்தை, அதை எடுத்த டைரக்டரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் இருந்தார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை: எஸ், நோ, இன்டர்வெல்.

ஊருக்கெல்லாம் அவர் அட்டை அண்ணன். பட்டுச் சேலைக் கரையில் மயிலும் அன்னமும் வர வேண்டுமென்றால், தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகளைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட வேண்டும். எந்த இழையைத் தூக்க வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். அட்டையில் அந்த ஓட்டைகளைக் குத்துவது அண்ணனின் தொழில். அதனால்தான் இந்தப் பெயர் என்பது அவர் கட்சி. பிடித்தால் விடமாட்டார், அதனால்தான் என்பது எங்கள் கட்சி. நான் தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். அவர் உறிஞ்சிய ரத்தத்தில் என்னுடையதுதான் அதிகம்.

அந்தப் படத்தின் நிஜப் பெயரை எங்கள் ஊரில் யாராலும் சொல்ல முடியாது. 'மூணு நிலா படம்' என்றால் குழந்தைக்கும் தெரியும். ஒரு ராக்கெட்டில் கேப்டன், ஒரு பெண் டாக்டர், இன்னும் நாலைந்து பேர், மூன்று நிலா இருக்கிற ஒரு கிரகத்துக்குப் போகிறார்கள். அறுபதுகளின் நடுவில் முதலில் வந்தது. அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு தரமாவது ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகத் திரும்பி வரும். வந்தால் அட்டை அண்ணன் முதல் வரிசையில் இருப்பார்.

காரணம் ஒரே ஒரு ஷாட். ராக்கெட்டில் அலமாரி சைஸுக்கு ஒரு கம்ப்யூட்டர். டாக்டரம்மா அதற்குள் ஓட்டை போட்ட ஒரு அட்டையைச் செருகுவார். செருகியதும் ராக்கெட் திரும்பும். முதல் தரம் அதைப் பார்த்தபோது அண்ணன் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாராம்.

"நம்ம அட்டைபா! ராக்கெட்டே நம்ம அட்டையாலதான் ஓடிக்கினு இருக்குது!"

அத்தோடு விட்டாரா? படம் வரும்போதெல்லாம் அந்த ஷாட்டில் தெரிகிற ஓட்டைகளை எண்ணி, வீட்டுக்கு ஓடிவந்து, மறப்பதற்குள் ஒரு அட்டையில் குத்துவார். ஏழெட்டு முறை பார்த்ததில் முழு அட்டையும் தேறிவிட்டது. அதைப் பக்கத்து வீட்டுத் தறியில் ஏற்றிப் பார்த்தார்கள். கரையில் ஒரு மயிலின் பின்பாதி வந்தது.

"நான் அப்பவே நெனச்சேன், அந்த ராக்கெட்டு நேரா போவாதுன்னு. ஒரு ஓட்டை தப்பா இருக்குது" என்று ரொம்பக் கவலையாகச் சொன்னார். அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி என்னை ஒரு வாரம் விரட்டினார்.

ஆனால் அவர் பெயர் கெட்டது அந்த அட்டையால் இல்லை. ஒரு காட்சியால். படத்தின் கடைசியில் கேப்டன் தனியாக ஒரு சிவப்பு மலையைப் பார்த்து நடப்பார். அடுத்த ஷாட்டில் ராக்கெட் ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கும். கேப்டனின் நாற்காலி காலி. டாக்டரம்மா அழுவார். நடுவில் என்ன ஆயிற்று என்று படத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

எங்களுக்கு அண்ணன் சொன்னார். மெட்ராஸில் முதல் நாள் முதல் ஷோ பார்த்தாராம். அதில் அந்தக் காட்சி இருந்ததாம். அப்புறம்தான் வெட்டிவிட்டார்களாம். கேப்டன் மலைமேல் ஏறி, ஹெல்மெட்டைக் கழற்றி, பயந்து பயந்து மூச்சு விடுவாராம். காற்று ஜிலுஜிலு என்று இருக்குமாம். மூன்று நிலாவும் ஒன்றாக எழும்புமாம். கேப்டன் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, ராக்கெட்டைப் பார்த்துச் சிரித்து, "நீங்க போங்கப்பா, நான் இங்கியே இருந்துக்கறேன்" என்று கையை ஆட்டுவாராம். 

டீக்கடையில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பால் பொங்கி வழிந்தாலும் டீக்கடைக்காரர் திரும்பமாட்டார். சொல்லச் சொல்லக் காட்சியும் வளர்ந்தது. ஒரு வருஷம் கேப்டன் பழம் ஒன்றைப் பறித்துத் தின்றார். அடுத்த வருஷம் அது நாவல் பழம் ருசியில் இருந்தது. அதற்கும் அடுத்த வருஷம் கொட்டையைத் துப்பினார்.

இதை நம்பாத ஒரே ஆள் சயின்ஸ் வாத்தியார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நெற்றியில் பளிச்சென்று திருமண், சட்டைப்பையில் இரண்டு பேனா. எங்கள் பக்கத்து ஸ்கூலில் பாடம் முடிந்ததும் அண்ணனோடு சண்டை போடுவதற்கென்றே டீக்கடைக்கு வருவார்.

"ஓய், ஹெல்மெட்டைக் கழட்டினா ஒரு நிமிஷத்துல ஆள் அவுட். பழம் சாப்டறானாம், கொட்டை துப்பறானாம்! சும்மா ரீல் விடாதீர்."

"சார், உங்க ஊரு கருட சேவைல வாசல்ல நிக்கும்போது ஒரு நிமிசம் பெருமாளைக் குடையால மறைக்கிறாங்களே, அப்ப அவர் எங்க போறாரு?"

"சோளிங்கர்ல இருக்கற பக்தருக்குச் சேவை சாதிக்கப் போறார். அதுக்கென்ன இப்போ?"

"கூட்டத்துல யாருக்கும் தெரியல. அதுக்காவ சோளிங்கர்காரரு பாக்கலேன்னு சொல்லிடுவீங்களா?"

வாத்தியார் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஆனாலும் ஒருநாள் பார்க்காவிட்டால் இரண்டு பேருக்கும் பொழுது போகாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு சாயங்காலம் வாத்தியார் ஒரு இங்கிலீஷ் பேப்பரைக் கொடிபோல் ஆட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். மூணு நிலா படத்தை அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் டைரக்டரைக் கேட்காமல் வெட்டிவிட்டார்களாம். டைரக்டர் இத்தனை வருஷம் சண்டை போட்டு, வெட்டியதையெல்லாம் தேடி எடுத்து, தன் கையாலேயே திரும்ப ஒட்டியிருக்கிறாராம். 'இதுதான் என் படம், இதற்குமேல் ஒரு ஷாட் கூடக் கிடையாது' என்று பேட்டி கொடுத்திருக்கிறார். மெட்ராஸுக்கு வந்துவிட்டது. அடுத்து எங்கள் ஊர்க் காலைக் காட்சிக்கு வருகிறது!

டீக்கடையில் ஒரே கூச்சல். ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் மட்டும் அண்ணனுக்கு நேராக வந்து நின்றார்.

"இப்போ பேசும். உம்ம காட்சி அதுல இருந்தா, இந்தக் கடையிலேயே உம்ம கால்ல விழறேன். இல்லேன்னா, இனிமே ஜன்மத்துக்கும் அந்தக் கதைக்கு வாயைத் திறக்கப்படாது. சம்மதமா?"

அண்ணன் வாயைக் கட்டிப்போடுவது என்றால் சாதாரண விஷயமா? மனுஷருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பகலெல்லாம் அட்டையோடு அட்டையாகக் குனிந்து கிடப்பவர், சாயங்காலம் அந்தக் கதையைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்.

"சம்மதம் சார்" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததை நான் கவனித்தேன். சந்தோஷத்தில் அப்படி ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பதினைந்து நாளும் பிள்ளையார்பாளையத்தில் வேறு பேச்சே இல்லை. தறியில் உட்கார்ந்தவர்கள் நூல் ஓட்டும் நாடாவை ஒரு பக்கம் தள்ளும்போது 'இருக்குது' என்றார்கள், மறுபக்கம் தள்ளும்போது 'இல்லே' என்றார்கள். அண்ணன் ஒரு பெரிய அட்டையில் 'முழுப்படம்' என்று ஓட்டைகளாலேயே எழுதி டீக்கடை வாசலில் கட்டினார். வெயில் வந்தால் எதிர்ச் சுவரில் எழுத்து விழ வேண்டும் என்பது ஏற்பாடு. அட்டையைத் திருப்பிக் கட்டிவிட்டதால் எழுத்து இடவலம் மாறி விழுந்தது, யாருக்கும் படிக்க வரவில்லை. ரஷ்யப் படம் வருகிறது என்று அடுத்த தெருவரை செய்தி பரவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் காட்சி. ஒன்பதரை வரை படப்பெட்டி வரவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த பஸ் ஏனாத்தூர் பக்கம் பஞ்சராகி நிற்கிறது என்று ஒருவர் வந்து சொன்னார். தியேட்டர் மேனேஜர் தலையில் கையை வைப்பதற்குள் அண்ணன் என்னைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துப் பறந்தார். ஐம்பது வயது மனுஷர் அப்படி மிதித்து நான் பார்த்ததே இல்லை. திரும்பும்போது தகரப் பெட்டியை என் மடியில் வைத்தார். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்தினார்.

"குலுக்காதபா! கேப்டன் உள்ள இருக்காரு!"

தியேட்டர் வாசலில் நின்ற கூட்டம் பெட்டியைப் பார்த்து விசிலடித்தது பெரிய காஞ்சிபுரம் வரை கேட்டிருக்கும். உள்ளே இடமே இல்லை. வாத்தியார் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

படம் ஆரம்பித்தது. எங்களுக்கு மனப்பாடமான படமாயிற்றே! புதிதாக ஒரு ஷாட் வந்தால் உடனே தெரிந்துவிடும். டாக்டரம்மா கூடுதலாக ஒரு தரம் தலை வாரினார், கைதட்டல். ராக்கெட்டில் ஒருவர் தும்மினார், அதற்கும் கைதட்டல். ஓட்டை அட்டை இப்போது இரண்டு ஷாட்டில் வந்தது. அதற்கு எழுந்து நின்று கைதட்டினோம். கடைசியில் கேப்டன் சிவப்பு மலையைப் பார்த்து நடந்தார். வழக்கமாக ராக்கெட் பறக்கிற இடம் வந்தது. பறக்கவில்லை. காட்சி இருந்தது!

"ஹே!" என்று ஒரு கத்தல். ஆனால் அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

காட்சி ராக்கெட்டுக்குள் நடந்தது. ஆக்சிஜன் எல்லோருக்கும் போதாது என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் கதவை மூடுகிறார். கேப்டன் வெளியிலிருந்து ஓடி வந்து கதவைத் தட்டுகிறார். தட்டிக்கொண்டே இருக்கிறார். ராக்கெட் கிளம்புகிறது. அவ்வளவுதான். ஹெல்மெட் கழலவில்லை. நிலா எழும்பவில்லை.

விளக்குப் போட்டதும் அத்தனை பேரும் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் இல்லை. வாத்தியாரின் நோட்டில் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டில் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். நானும் வாத்தியாரும் போனோம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"மெட்ராசுல பாத்தேன்னு சொன்னது பொய்பா. அன்னிக்கு எனக்கு ஜுரம், வீட்ல படுத்துக்கினு இருந்தேன்."

"அப்போ வெட்டியிருக்கான்னு உமக்கு எப்படித் தெரியும்?" என்றார் வாத்தியார்.

"இது தெரியாதா சார்? சேலை ஒரு கலரு, முந்தானை ஒரு கலருன்னா, ரெண்டு பாவு நூலையும் இழை இழையா பிணைச்சுதான் சேக்கணும். அதுக்குப் பேர் பேட்னி. தடவிப் பாத்தா விரல்ல தெரியும். இந்தப் படத்துல அந்த எடத்துல பேட்னியே இல்ல. அறுத்துட்டு அப்டியே ஒட்டிட்டான். இழை தொங்கிக்கினு இருந்துது. பாத்துட்டு சும்மா வர முடியல. நான் பிணைச்சுட்டேன்."

"அதுக்காக ஒரு மனுஷன் காத்தே இல்லாத இடத்துல பழம் சாப்டறதா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "கூட வந்த ஆளை விட்டுட்டு வந்துட்டாங்கன்னு எப்டி சார் நெய்றது? எனக்குக் கை வரல."

வாத்தியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டீக்கடைக்கு வருவார், குடிப்பார், போவார். தெருவே சப்பென்று ஆகிவிட்டது. டைரக்டர் பத்து வருஷம் சண்டை போட்டு எங்கள் ஊரில் ஒரு நல்ல மனுஷரின் வாயை அடைத்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பத்து நாள் இருக்கும். வாத்தியார் வந்தார். முகத்தில் களையே இல்லை. அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

"ஓய், எனக்குச் சாதமே இறங்கலை. பாடம் நடத்தறச்சே அவன் கதவைத் தட்டறான். குளிக்கறச்சே தட்டறான். அந்த ஹெல்மெட்டை எப்படிக் கழட்டினான்னு இன்னொரு தரம் சொல்லுமேன்."

"பேச்சு பேச்சா இருக்கணும் சார். நான் வாயைத் தொறக்கக் கூடாதில்ல?"

"அந்த நிபந்தனையைப் போட்டது நான்தானே? வாபஸ்."

"காத்து இல்லேன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இருக்கும் ஓய். சில கிரகத்துல இருக்கும்" என்றார் சயின்ஸ் வாத்தியார்.

அண்ணன் மீதி டீயை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கேப்டன் ஹெல்மெட்டை மட்டுமா கழற்றினார்? ஷூவையும் கழற்றிவிட்டு ஒரு ஓடையில் இறங்கிக் குளித்தார். வாத்தியார் நடுநடுவே "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கொண்டிருந்தது.

அட்டை அண்ணன் போய் வெகுகாலம் ஆகிறது. அப்போது நான் மாற்றலாகி வேறு ஊரில் இருந்தேன், செய்தி தெரிந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன், யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. ஆகவே நானே ஒரு காட்சி வைத்திருக்கிறேன். சிவப்பு மலைமேல் மூச்சிரைக்க அண்ணன் ஏறி வருகிறார். கேப்டன் அவரைப் பார்த்ததும் பாறையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறார்.