தெரிந்தவர்களிடமிருந்து தொற்றாது

நோய்க்காலத்தில் நம்மிடையே உலவும் பல வகை மனிதர்களில் ஒரு வகையை இங்கே உங்கள் முன் நிறுத்துகிறேன். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘தெரிந்தவர்’. கிருமி என்பது அந்நியர்களிடம் மட்டும் குடியிருப்பது, அறிமுகமானவர்களின் மூக்குக்குள் போக அதற்கு அனுமதி கிடையாது என்பது இவரது உறுதியான நம்பிக்கை.

இந்த வகையில் தலைசிறந்த ஒருவரை நான் முதலில் பார்த்தது காய்ச்சல் பிரிவின் வாசலில். அப்போது ஊரெங்கும், உடம்பு முழுக்கச் சிவப்பாகத் தடிப்புப் போடும் ஒரு காய்ச்சல். மருத்துவமனையில் எனக்குப் பட்டியல் எழுதும் வேலை. யாருக்குக் காய்ச்சல் உறுதியானாலும், அந்த ஒரு வாரத்தில் அவர் யார் யார் பக்கத்தில் இருந்தார் என்று கேட்டு எழுதி, அத்தனை பேரையும் தேடிப் பிடித்து ஊசிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். “இதுக்குத்தான் காலேஜுக்குப் போனியா? யாரு யார்கூட டீ குடிச்சான்னு கேக்கவா?” என்று ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பெயருக்குப் பின்னால் பட்டமும் அச்சாகியிருக்கிறது.

வாசலில் ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஆளுயரப் பலகை. வாட்ச்மேன் அன்று காலை மட்டும் அழுதுகொண்டு வந்த ஓர் அம்மாவையும், சட்டம் பேசிய ஒரு வக்கீலையும் திருப்பி அனுப்பியிருந்தார். அப்போதுதான் நம் ‘தெரிந்தவர்’ வந்தார், ஒரு பெயின்ட் கடைக்காரர். கையில் பிளாஸ்க், தாடையில் முகக்கவசம்.

“என்னப்பா, வீட்டுக்கு அடிச்ச பச்சை எப்படி இருக்கு?”

“பளிச்சுன்னு இருக்கு சார்.”

“உள்ள மச்சான் படுத்திருக்காப்ல. ரெண்டே நிமிஷம்.”

“சார்… போர்டு வச்சிருக்காங்க.”

“அது வெளியாளுங்களுக்குப்பா!”

கதவு திறந்தது. இரண்டு நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது.

இவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நோய்க்கு இவரைப் போல நடுங்குகிறவர் கிடையாது. லிப்டின் பொத்தானை முழங்கையால் அழுத்துவார், பேருந்தில் பின்னிருக்கையில் யாராவது தும்மினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடப்பார், கடைக்கு வரும் புதிய வாடிக்கையாளரை வாசலில் போட்ட கோட்டுக்கு அப்பால் நிறுத்தி வண்ண அட்டையை நீளக்குச்சியால் நீட்டுவார், கூரியர் கொண்டுவருகிறவரின் நிழல் பட்ட படிக்கட்டைக்கூடக் கழுவிவிடுவார். ஆனால் பழைய நண்பர் ஒருவர் இருமிக்கொண்டே வந்தால்? கோடு அழிந்துவிடும். கவசம் இறங்கிவிடும். “முகத்த மூடிக்கிட்டுப் பேசினா மரியாதையா இருக்காது” என்பார். இருமுகிறவரின் முதுகை வேறு தடவிக்கொடுப்பார். மரியாதைக்குக் கிருமி கட்டுப்படும் என்று யார் சொன்னது? அதைச் சொன்னவரும் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்துக் கடைக்காரரே கட்டிலில் கிடந்தார். நெற்றியெல்லாம் தடிப்பு. நான் படிவத்தோடு போய் நின்றேன்.

“காய்ச்சல் ஆரம்பிச்சதுலேருந்து யார் யார் பக்கத்துல இருந்தீங்க சார்? ஒருத்தர் விடாம சொல்லுங்க.”

“எழுதிக்குங்க தம்பி,” என்றார். அந்த உடம்பிலும் குரலில் ஓர் உற்சாகம். வங்கியில் இருமிய கண்ணாடிக்காரர். ஆட்டோ ஓட்டுநர். மருந்துக் கடை வரிசையில் பின்னால் நின்ற பெண். லிப்டில் ஏறிய இரண்டு பேர். யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் சட்டையின் நிறம் உட்பட நினைவு வைத்திருந்தார். பதினொரு பேர். எனக்குப் பரம திருப்தி. இவ்வளவு ஒத்துழைக்கிற நோயாளி கிடைப்பாரா?

இரண்டு நாள் அலைந்து ஒன்பது பேரைப் பிடித்தேன். ஒருவருக்கும் இவரை நினைவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும், “அந்த ஆளா? என்னைப் பாத்தாலே எழுந்து ஓடினாரே!” என்றார்.

மூன்றாம் நாள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றபோதுதான் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சிஸ்டரின் சத்தம் கேட்டது.

“யாரும்மா உன்ன உள்ள விட்டது? வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இங்க வருவாங்களா?”

கதவுக்கு அந்தப் பக்கம் ஏழு மாத வயிற்றோடு ஓர் இளம் பெண் நின்றாள். கையில் அதே பிளாஸ்க்.

“வாட்ச்மேன் அண்ணன்தான் விட்டாரு. அப்பாவுக்குக் கஞ்சி.”

நான் கடைக்காரரைப் பார்த்தேன். “சார், உங்க பொண்ணா? உங்ககூட ஒரே வீட்லயா இருக்காங்க?”

“பிரசவத்துக்கு வந்திருக்கா.”

“பட்டியல்ல சொல்லவே இல்லையே!”

“நீங்க பக்கத்துல இருந்தது யாருன்னு கேட்டீங்க. அவ என் பொண்ணு தம்பி! வீட்டு மனுஷங்க எப்படி இதுல வருவாங்க?”

பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து. அதைத் தடுக்கத் தனியாக ஓர் ஊசி உண்டு. கூட இருந்த நாளிலிருந்து ஆறு நாளுக்குள் போட்டாக வேண்டும். அவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். அன்று ஆறாம் நாள். நான் வங்கிக் கண்ணாடிக்காரரைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓடிப்போன நாட்களும் அதில் சேர்த்தி.

சிஸ்டர் ஊசி அறைக்குத் தொலைபேசியில் பேசினார். பதில் சுருக்கமாக வந்தது: ஊசி இருப்பது கொஞ்சம், நோயாளி தன் வாயால் சொல்லிப் பட்டியலில் ஏறிய பெயருக்குத்தான் தருவோம், அறையை மூட இன்னும் ஒரு மணி நேரம்.

“இதுக்கு ஏன் பதறுறீங்க?” கடைக்காரர் தலையணைக்கடியில் செல்போனைத் தேடினார். “பெரிய டாக்டர் வீட்டுக்கு நான்தான் பெயின்ட் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னா போதும். நமக்குத் தெரிஞ்சவர்தான்.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெரிய டாக்டர் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

“அப்பா!” கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தாள் மகள். “போன வைங்கப்பா! பட்டியல் எழுதுறவருகிட்ட என் பேரச் சொல்லுங்க!”

அவர் போனை வைத்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார்.

“எழுதிக்குங்க,” என்றார். இம்முறை குரலில் உற்சாகம் இல்லை. “முதல்ல என் பொண்ணு.”

அந்த ஒரு பெயரை எழுதி, தாளைக் கிழித்து சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் அந்தப் பெண்ணை நடத்திக்கொண்டு போனார். நான் புதுத் தாள் எடுத்தேன். மனைவி, தம்பி, தம்பி மனைவி, சீட்டாடும் நால்வர், கடையில் வேலை செய்யும் மூன்று பேர், தோளில் கைபோட்டுப் பேசிய எதிர்க்கடைக்காரர், காய்ச்சலோடு போய் நலம் விசாரித்துவிட்டு வந்த சம்பந்தி வீடு, வாட்ச்மேன், வாட்ச்மேனின் வீட்டுக்காரம்மா என்று முப்பத்தேழு பேர். ஒருவர்கூட அந்நியர் இல்லை.

அவர்களில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் வந்தது. வாட்ச்மேன் மூன்று வாரம் படுத்து எழுந்தார். மகளுக்கு ஊசி அறை மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஊசி விழுந்தது. தடிப்பு வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, உங்கள் மைத்துனரோ மேலதிகாரியோ நினைவுக்கு வந்து சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் சென்ற முறை உங்களுக்குச் சளி பிடித்தபோது கடையில் யார் யாரிடம் விலகி நின்றீர்கள், வீட்டில் யார் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சிரிப்பு நிற்கவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். படிவத்தோடு வருகிறேன்.

பெயின்ட் கடைக்காரர் இப்போது நலம். கடை திறந்திருக்கிறது. மகளுக்குப் பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. பிறந்து இருபது நாளாகிறது. பார்க்க வரும் உறவுக்காரர்கள் எல்லாரையும் மகள் அறை வாசலிலேயே நிறுத்திவிடுகிறாள், தகப்பனையும் சேர்த்து.

“ஏம்மா, நான் உன் அப்பா!” என்று அவர் முறையிட்டாராம்.

“எனக்கு அப்பா. அவளுக்கு இன்னும் யாரையும் தெரியாதுப்பா.”

கடை மூடியதும் நேராக வந்து, முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு, அவர் தினமும் அந்த வாசலில் நிற்கிறார்.