பொங்காத மாவு

இந்த ஞாயிற்றுப் பாடத்தை ஒருத்தரும் சாகும்மட்டும் மறக்கக்கூடாது என்று ஜெயசிங் சபதம் போட்டார். போடாமல் என்ன செய்வார்? மயிலாடிப் பக்கத்துச் சபையில் பெரியவர்கள் ஓய்வுநாள் பள்ளிக்கு அவர்தான் வாத்தியார். வகுப்போ பாதி உறக்கம், பாதி கொட்டாவி. போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த வாரம் நானே வந்து கேப்பேன். போன பாடம் யாருக்கும் நினைவில்லேன்னா வகுப்பு வேற ஆளுக்கு."

பாடம், புளித்தமாவு உவமை: ஒரு ஸ்திரீ கொஞ்சம் புளித்தமாவை எடுத்து மூன்றுபடி மாவுக்குள் அடக்கிவைத்தாள், அத்தனையும் புளித்துப் பொங்கியது. ஜெயசிங்குக்கு யோசனை பளிச்சென்று வந்தது. வாயால் சொன்னால்தானே உறங்குவார்கள்? மாவைக் கண்முன்னே பொங்கவைத்துக் காட்டினால்?

சனிக்கிழமை சாயங்காலம் பனையேறி இஞ்ஞாசியிடம் ஒரு செம்பு அக்கானி, அதாவது பதநீர், வாங்கினார். இடித்த பச்சரிசி மாவில் விட்டுக் கலக்கி, சட்டியைத் துணியால் மூடிக் கட்டினார். மனைவி இசபெல் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, சட்டிக்குள்ள என்ன?"

"நாளைக்குக் கோயில்ல பாரு."

"எனக்கிட்ட மட்டும் சொல்லப்பிடாதா?"

"ஏட்டி, பொம்பளைகிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்."

இசபெல் அடுக்களைக்குத் திரும்பினாள்.

மறுநாள் வகுப்பில் ஒரு கண்கூட மூடவில்லை. எல்லாக் கண்ணும் சட்டிமேல். "பாம்பா இருக்குமோ?" என்றது ஒரு கிழம். "பலகாரமாட்டு இருக்கும் ஓய்" என்றது இன்னொன்று. ஜெயசிங் உவமையை நீட்டி முழக்கிவிட்டு, துணியைச் சடாரென்று உருவினார்.

மாவு வைத்தபடியே கிடந்தது. ஒரு குமிழி கிடையாது.

"என்னத்த விட்டீரு?" என்றார் முன்பெஞ்சுப் பெரியவர்.

"அக்கானிதான். என் வீட்டு ஆப்பத்துக்கு இசபெல் அதத்தான் விடுதா. பூ மாதிரி பொங்கும்!"

பெண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு. இசபெல் எழுந்தாள்.

"கலயத்துல சுண்ணாம்பு தடவி எறக்குனதுதானே அக்கானி? அது எப்பிடிப் பொங்கும்? நான் விடுதது கள்ளு."

ஜெயசிங்கோ கள்ளுக்கடைப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்துகிற மனுஷன். மதுவிலக்குச் சங்கத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

"எத்தன நாளாட்டு?"

"கெட்டிகிட்டு வந்த நாள்லேருந்து. பதினோரு வருஷம். இன்னும் ரெண்டு போடுன்னு கேட்டுக் கேட்டுத்தானே தின்னிய?"

"எனக்கிட்ட ஒரு வாக்கு சொன்னியா?"

"வேதத்துல அந்த ஸ்திரீ மாவுக்குள்ள அடக்கித்தானே வச்சா? புருஷன்ட்ட கேட்டுட்டா வச்சா?" இசபெல் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "கண்ணுக்குத் தெரியாது. சத்தம் போடாது. ஆனா உள்ள இருந்து அம்புட்டையும் மாத்திப்போடும். பரலோகராஜ்யமும் அப்பிடித்தான்."

அடுத்த வாரம் போதகர் வந்து கேட்டார். பாட்டிமுதல் பாட்டாவரை ஒருவர் விடாமல் இசபெல் சொன்னதை ஒப்பித்தார்கள், ஆப்பத்தின் எண்ணிக்கை உட்பட. போதகருக்கு மனம் நிறைந்துவிட்டது. "பாடம் நல்லா பதிஞ்சிருக்கு. பதியவச்ச ஆளே இனி வகுப்ப நடத்தட்டு" என்று இசபெலைக் கைகாட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜெயசிங்குக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, வாற ஞாயிறு என்ன பாடம்?"

"இப்பமே சொல்லிட்டா, வகுப்புக்கு வருவியளா?"