வண்டி ஏழு வீட்டிலும் சௌக்கியம்

நாரிஸ் ரோடு,
சிங்கப்பூர்,
18-8-1962.

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை மருதப்பன் அவர்களுக்கு, மைத்துனன் செல்லக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. பொறுமை என்ற சொல்லை நன்றாக யோசித்துத்தான் சேர்த்திருக்கிறேன்.

இங்கே நான், பூவம்மா, உங்கள் வீட்டுக்காரியும் என் தங்கையுமான லீலா எல்லோரும் நலம். தைப்பிங்கில் உங்கள் அண்ணனுக்கு நெஞ்சுவலி குறைந்து கஞ்சி குடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், மனதுக்கு நிம்மதி. கடைசி வரியில் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வண்டியும் சௌக்கியம்தான். ஏழு வீட்டிலும் சௌக்கியமாக இருக்கிறது. நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ரயில் ஏறும்போது நீங்கள், "மச்சான், ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க, வேற ஒண்ணும் செஞ்சிடாதீங்க" என்றீர்கள். முதல் பாதியை நான் மீறவே இல்லை. நாலாம் நாள் காலை, வாசல் அஞ்சடித் தாழ்வாரத்தில் தூணோரம் நின்ற மோப்பட் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன். சட்டை நனையும்வரை மிதித்தேன். அது இரண்டு தடவை இருமியது, கொஞ்சம் புகையைக் கக்கியது, அத்துடன் படுத்துவிட்டது. கம்பெனியில் ஆள்குறைப்பு என்று உங்களை அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. ஏஜண்டு சேக் தாவூது ராவுத்தர் முதல் தேதியிலிருந்து புக்கிட் பாஞ்சாங் பக்கம் பேப்பர் போடும் வேலையை உங்களுக்குத் தருகிறேன் என்றதே சொந்த வண்டி இருக்கிறது என்பதால்தான். வேலை போன மறுமாதமே, இப்படி ஏதாவது கிடைக்கும் என்றுதான் லீலாவின் கை வளையல் போய் இந்த வண்டி வந்தது. வண்டி ஓடாவிட்டால் வேலை இல்லை. இவ்வளவும் தெரிந்த ஒரு மனிதன் சும்மா இருக்க முடியுமா? இருந்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது.

பின்சந்தில் பட்டறை வைத்திருக்கும் சீனரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகத்தான் நான் கிளம்பினேன், சத்தியமாக. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, நம் வட்டார நற்பணி மன்றத்தின் செயற்குழு என் வீட்டில் கூடும் நாள். தலைவர் இராமசாமி எதிரே வந்துவிட்டார். மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்து கலக்கி ஓய்வு பெற்றவர் அல்லவா, எதைப் பார்த்தாலும் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். வண்டியையும் ஒரு குலுக்கு குலுக்கினார். "என்ன செயலாளரே, இத்துணூண்டு எஞ்சினுக்கு எதுக்கு இன்னொருத்தர்கிட்ட போய் நிக்கணும்? நம்ம ஆளுங்களால முடியாதா?" என்றார். நம் மன்றத்தில் இந்தக் கேள்விக்கு முடியாது என்று யாரும் பதில் சொன்னதில்லை. பத்து வருட நடவடிக்கைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள், ஓரிடத்திலும் இருக்காது. எல்லோரும் கைதட்டினார்கள். 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பின் கீழ் மோப்பட் இயந்திரப் புனரமைப்புக் குழு உதயமாயிற்று. உறுப்பினர் ஏழு பேர். ஏழு பேரில் யாருமே ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை என்பதால் பதவிகளைப் பிரித்துக்கொள்வதில் சிரமம் ஏற்படவில்லை. அப்துல் முத்தலிப் மட்டும் கப்பலில் எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "நான் பாத்த எஞ்சினுக்குள்ள ஏணி வச்சு எறங்கணும் லா, இதுல வெரலே போவலையே" என்றார். அனுபவசாலி என்று அவரை ஆலோசகராகப் போட்டோம். நம் மன்றத்தில் ஆலோசகர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

அடுத்த ஞாயிறு திறப்பு விழா. அஞ்சடியில் பாய் விரித்து, வண்டிக்கு மாலை போட்டு, ஸ்பேனருக்குச் சந்தனப் பொட்டு வைத்தோம். பூவம்மா ஒரு சட்டி கேசரி கிண்டினாள். வரவேற்புரை நான். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். தமிழன் கடல் தாண்டியது, கலம் கட்டியது எல்லாம் வந்தது, வண்டி மட்டும் வரவில்லை. பொருளாளர் நன்றியுரை ஆற்றினார். ஒரு திருகாணிகூடக் கழல்வதற்கு முன்னால் நன்றியுரை முடிந்துவிட்டது. பிறகு வேலையில் இறங்கினோம். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பது தலைவரின் கண்டிப்பு. ஒவ்வொரு திருகாணியையும் ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, நான் குறித்துக்கொள்ள, அதன்பிறகே கழற்றலாம். 'திருகாணி எண் ஒன்று. முன்மொழிந்தவர் இராமசாமி, வழிமொழிந்தவர் சுந்தரம். ஏகமனதாகக் கழற்றப்பட்டது.' இப்படி முப்பத்தொரு திருகாணி. பதினாலாவதைத் தொட வேண்டாம், அதற்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை என்று அப்துல் முத்தலிப் ஆட்சேபித்தார். வாக்கெடுப்பில் தோற்றார். மதியம் இரண்டு மணிக்கு எஞ்சின் முழுவதும் பாயில் இருந்தது. என் கையெழுத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும், குறிப்பேடு அச்சடித்தது போல வந்திருந்தது. யார் சொன்னது, யார் ஆமோதித்தது, எத்தனை மணிக்குக் கழன்றது, எல்லாம் இருந்தது. எந்தத் திருகாணி எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. யாரும் முன்மொழியவில்லை, நானும் எழுதவில்லை.

அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாகங்களை யார் வீட்டில் பத்திரப்படுத்துவது என்ற கேள்வி எழுந்தது. பதவி வரிசைப்படி கொடுப்பதுதான் மரியாதை என்று தீர்மானமாயிற்று. சிலிண்டர் தலைவருக்கு. அவர் அதைக் கண்ணாடி அலமாரியில், ஓய்வு பெற்றபோது கொடுத்த கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பிஸ்டன் செயலாளரான எனக்கு. கார்புரேட்டர் பொருளாளருக்கு. சில்லறைப் பாகங்கள் மற்ற மூவருக்கு. துணைத்தலைவரான தையற்கடை சுந்தரத்துக்கு மிஞ்சியது சைலன்சர். மனிதர் கொதித்துப் போனார். "தலைவருக்கு சிலிண்டரு, செயலாளருக்கு பிஸ்டனு, துணைத்தலைவனுக்கு பொகை போற கொழாயா? பின்னாடி நின்னு பொகை விடுற ஆளுன்னு நெனச்சீங்களா என்னைய?" என்று கத்திவிட்டு வெளிநடப்புச் செய்தார். வெளிநடப்புச் செய்தவர் சைலன்சரை வைத்துவிட்டாவது போயிருக்கலாம். மறுவாரமே தையற்கடையில் நற்பணி மறுமலர்ச்சி மன்றம் என்று பலகை தொங்கியது. மேசைமேல் சைலன்சர், அதற்குக் கதம்ப மாலை. அதுதான் புதிய மன்றத்தின் முதல் அசையாச் சொத்தாம்.

என் வீட்டிலாவது காரியம் ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. பிஸ்டனைப் பார்த்த பூவம்மாவுக்கு அதன் கரி பொறுக்கவில்லை. குத்துவிளக்குடன் சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். தேய்ப்பதற்கு இடைஞ்சலாக இருந்த ரிங்கை இழுத்துக் கழற்றப் பார்க்க, அது இரண்டாக ஒடிந்துவிட்டது. "வளையல் மாதிரி இருந்துச்சுங்க, கழட்டித் தனியா கழுவலாம்னு பாத்தேன்" என்றாள். புது ரிங் வாங்கச் சுங்கை ரோடு சந்தைக்குப் போக வேண்டும், அளவு காட்டப் பிஸ்டனைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆனால் பொறுப்பில் உள்ள பொருளை வீட்டைவிட்டு வெளியே எடுக்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்கு ஐந்து பேர் வேண்டும், சுந்தரத்துடன் இரண்டு பேர் போய்விட்டதால் ஐந்து பேர் சேரவில்லை, ஆலோசகருக்கோ வாக்கில்லை. ஆகவே ரிங்கைப் பற்றிய விவரத்தைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வட்டமாக இருக்கும், மெல்லியதாக இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. கடைக்காரர் படித்துவிட்டு இரண்டு நிமிடம் சிரித்தார், அப்புறம் ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பிஸ்டன் அதற்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. ஏதோ லாரிக்கு உள்ளதாம்.

இதுவரை எழுதியதைக்கூட நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருக்கலாம். இனி எழுதப்போவதற்குச் சிரிக்க மாட்டீர்கள். நேற்று வெள்ளிக்கிழமை சேக் தாவூது ராவுத்தர் நேரில் வந்தார். "தப்பா நெனக்காதீங்க செல்லக்கண்ணு, புக்கிட் பாஞ்சாங் ஆளு சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். திங்கக்கெழம காலையில உங்க வீட்டு வண்டி வந்து பேப்பரை எடுக்கலேன்னா நான் வேற ஆளப் போட்டுருவேன். எனக்கும் வேற வழியில்ல" என்றார். சொல்லிக்கொண்டே தூணைப் பார்த்தார். அங்கே இரண்டு சக்கரமும் ஒரு கைப்பிடியும் சாய்ந்துகொண்டிருந்தன. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். கண்டனத் தீர்மானத்துக்கு மட்டும் ஐந்து பேர் தேவையில்லை என்பதால், ஏஜண்டுகளின் அவசரப் போக்கை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லீலா, "அண்ணே, அந்தத் தீர்மானத்துல ஏறி புக்கிட் பாஞ்சாங் போக முடியுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து அழுதேன், மாப்பிள்ளை. எட்டு மாதம் அலைந்து நீங்கள் தேடிய வேலையை மூன்று ஞாயிற்றுக்கிழமையில் கலைத்துவிட்டேன்.

ஆகவே இந்த வேலை இனி நமக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தைப்பிங்கிலேயே ஏதாவது வேலை கிடைத்தால் பாருங்கள். லீலாவை நானே ரயிலேற்றி அனுப்புகிறேன், பாகங்களையும் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன், ஒரு சைலன்சர் நீங்கலாக. என்மேல் கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. உங்கள் அண்ணனுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டாம், அவர் நெஞ்சு தாங்காது. அவர் பூரண குணமடைய வீரமாகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் குறைவின்றிப் போய்ச் சேரட்டும்.

குற்றம் செய்த மைத்துனன்,
செ. செல்லக்கண்ணு
(செயலாளர்)

பி.கு.: இன்று திங்கட்கிழமை, 20ஆம் தேதி. சனிக்கிழமை கடிதத்தைத் தபாலில் போட மனம் வராமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று நாங்கள் மன்றம் பிளவுபட்டது குறித்து விசாரணைக் குழு அமைத்துக்கொண்டிருந்த நேரத்தில், லீலா கூடையை எடுத்துக்கொண்டு மற்ற ஆறு வீட்டுக்கும் போய்வந்துவிட்டாள். எந்த வீட்டிலும் தீர்மானம் கேட்கவில்லையாம். தலைவர் வீட்டம்மா சிலிண்டருடன் அதைத் துடைக்கத் தலைவருடைய பழைய வேட்டி ஒன்றையும் கொடுத்திருக்கிறார். சுந்தரத்தின் மனைவி கண்மணி, "இந்தக் கருமத்த மொதல்ல எடுத்துட்டுப் போ லீலா, சாமி படத்துக்கு வாங்குற பூவெல்லாம் இதுக்கே போவுது" என்று சைலன்சரை மீன் வாங்கும் பையில் போட்டு அனுப்பினாளாம். லீலா பிஸ்டனைக் கையோடு சுங்கை ரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சரியான ரிங் வாங்கினாள். சிலிண்டருக்கு அடியில் வைக்கும் காகிதம் கிழிந்திருந்ததால், மிச்சமிருந்த உங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை அளவாக வெட்டி எண்ணெயில் நனைத்து வைத்தாள். நான் வாய் பிளந்து, "எந்தத் திருகாணி எங்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "மாசா மாசம் அவரு கழட்டி கரி சொரண்டறப்ப, ஒவ்வொண்ணா கையில வாங்கி வெச்சது யாருன்னு நெனச்சீங்க?" என்றாள். கோளாறும் அவ்வளவுதானாம். சைலன்சரில் கரி அடைத்திருந்தது, சுரண்டினால் பத்து நிமிட வேலை. இதை முதல் நாளே சொல்ல வந்தாளாம். நாங்கள் அப்போது நன்றியுரையில் இருந்தோம்.

நேற்று மாலை நாலு மணிக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு என் கண்ணில் நீர் வந்துவிட்டது, புகையினால் என்று பூவம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று விடிவதற்குள் லீலா வண்டியில் எல் போர்டு கட்டிக்கொண்டு பேப்பரை எடுத்துப் போய், ஒன்பது மணிக்குள் புக்கிட் பாஞ்சாங் முழுவதும் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். ஓட்டப் பழகியதும் ஆறு மாதம் முன்பே எல் போர்டு எடுத்ததும் உங்களுக்குத் தெரியுமாமே, எனக்குத்தான் சொல்லவில்லை. எஞ்சினை வெற்றிகரமாகப் புனரமைத்ததற்காக வரும் ஞாயிறு இரண்டு மன்றங்களும் தனித்தனியே பாராட்டு விழா எடுக்கின்றன. பொன்னாடை ஒன்று இராமசாமிக்கு, ஒன்று சுந்தரத்துக்கு. லீலாவையும் அழைக்கலாம் என்று அப்துல் முத்தலிப் ஆலோசனை சொல்லியிருக்கிறார்.

ஆகவே மேலே எழுதியிருப்பதில் வேலை போனது, தைப்பிங்கில் வேலை தேடுவது, பெட்டியில் பாகங்கள் அனுப்புவது எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். வேலை பத்திரமாக இருக்கிறது, உடனே புறப்பட்டு வரவும் என்று எழுதட்டுமா என்று லீலாவிடம் கேட்டேன். ராவுத்தர் கொடுத்த பணப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டே, "அவசரமே இல்லண்ணே, அவங்க அண்ணன நல்லா பாத்துக்கிட்டு மெதுவாவே வரச் சொல்லுங்க" என்றாள். எனக்கென்னவோ, மாப்பிள்ளை, அவள் அந்த வேலையை உங்களுக்குத் திருப்பிக் கொடுப்பாள் என்று தோன்றவில்லை.