முதல் தரப்புக்கு ஞாயிறு ஓய்வு

வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருஷமாக ஊரார் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்தவருக்கு, தன் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. ஆறு நாள் விசைப்பலகை, ஏழாம் நாள் துடைப்பம். இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும் என்று முடிவுகட்டி, சனிக்கிழமை மாலை இரண்டு பக்க ஒப்பந்தத்தை மனைவி முன் வைத்தார். முதல் தரப்பு அவர். இரண்டாம் தரப்பு அவள். புரியாத வார்த்தைகளைப் பார்த்து மிரண்டு கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்தார்.

அவள் மிரளவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அர்த்தம் கேட்டாள்.

அங்கேதான் அவர் சறுக்கினார். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அர்த்தம் கேட்டதே இல்லை. உச்சி குளிர்ந்துவிட்டது.

"'ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைகளுக்கு இரண்டாம் தரப்பே பொறுப்பு'ன்னு இருக்கே. பொறுப்புன்னா நானே செய்யணுமா?"

"அவசியமில்லை. வேலை நடக்கணும், அவ்வளவுதான். யாரை வெச்சுச் செய்யறேங்கறது உன் இஷ்டம்."

"கைமாறுன்னா?"

"நீ எனக்கு ஒண்ணு செஞ்சா, பதிலுக்கு நான் உனக்கு ஒண்ணு செய்யணும். அது இல்லாத ஒப்பந்தம் செல்லாது. அதுக்குத்தான் காலையில காபி போட்டுத் தர்றேன்னு எழுதியிருக்கேன்."

"'காபி போடுவது உள்ளிட்ட, ஆனால் அதோடு நில்லாத உதவிகள்'னுல்ல இருக்கு?"

"அது எல்லா ஒப்பந்தத்துலயும் வர்றதுதான். பட்டியல் அதோட முடியலைன்னு அர்த்தம். மத்ததையும் கேட்கலாம்."

"அப்படியா," என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிறு காலை அவர் காபி போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்தவள் துடைப்பத்தை நீட்டினாள்.

"இது உன் பொறுப்பாச்சே."

"ஆமா. நான் வெச்சிருக்கற ஆள் நீங்கதான். காபியோட நிக்கமாட்டேன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

துடைப்பம் கை மாறியது. கைமாறு என்ற சொல்லின் முழுப் பொருளும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பெருக்கினார், துடைத்தார், மின்விசிறி இறக்கைகளைக்கூட விடவில்லை. இரண்டாம் தரப்பு நாற்காலியில் சாய்ந்தபடி, "அந்த மூலை," என்று மிகப் பொறுப்பாகக் கைகாட்டிக்கொண்டிருந்தது.

மதியம், வாளியும் கையுமாக நின்றவரிடம் அவள் ஒப்பந்தத்தை நீட்டினாள். கிழித்துப் போடச் சொல்லப்போகிறாள் என்று அவர் மனம் லேசானது.

"நாளைக்கு ஆபீஸ்ல இதை அஞ்சு நகல் எடுத்துட்டு வாங்க. நம்ம தெருவுல மத்த முதல் தரப்பெல்லாம் இன்னும் சும்மாவே படுத்திருக்காங்களாம்."