வாசிக்கத் தயாராகிக்கொண்டிருப்பவர்

சென்ற அக்டோபரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் பியோ சாருடன் பேசியதை வரிசை மாறாமல் சொல்கிறேன். அவர் கையிடுக்கில் மரத்தாலான புத்தகத் தாங்கி. இன்னொரு கையில் கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு.

"படிக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டேன்.

"படிக்கத்தான்ம்மா. ஆனா சும்மா படிக்கக் கூடாது."

"என்ன புத்தகம் சார்?"

"முதுகு நேரா இருக்கணும். வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வரணும். புத்தகம் கண்ணுக்கு நேரா நிக்கணும், குனியக் கூடாது. குனிஞ்சு படிச்சா படிச்சதெல்லாம் கீழ வழிஞ்சுடும்."

"சரிங்க சார். என்ன புத்தகம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம் படிக்கணும், அஞ்சு நிமிஷம் கண்ணை மூடணும். கண்ணை மூடறப்பதான் மண்டையில ஏறும். நிறைய பேரு இந்த அஞ்சு நிமிஷத்தை விட்டுடறாங்க."

மூன்றாவது முறை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றது. இறங்கிய பிறகு, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல அவரே சொன்னார்: "நம்ம வீட்டம்மா எழுதினது."

நான் இரண்டு மொழிகளில் படித்தவள். இரண்டிலும் இந்த இனத்துக்குப் பெயர் இல்லை. ஆகவே நானே வைக்கிறேன்: வாசிக்கத் தயாராகிக்கொண்டிருப்பவர். இவர் வாசகர் அல்ல, வாசிக்காதவரும் அல்ல. வாசிக்காதவர் நேர்மையானவர், தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பார். இவரோ நல்ல காகிதம், நல்ல பென்சில், நல்ல நாற்காலி, நல்ல வெளிச்சம், நல்ல மனநிலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எல்லாம் சேர்ந்த நேரத்தில் பார்த்தால் பென்சில் மழுங்கியிருக்கிறது என்று சீவ உட்கார்ந்துவிடுவார். சீவிய தூள் மேசையில் விழும். மேசை சுத்தமாக இல்லாவிட்டால் கவனம் எப்படி வரும்?

இந்த இனத்தவர் கடைசிப் பக்கம்வரை வாசிப்பது ஒரே வகைப் புத்தகங்களைத்தான்: புத்தகம் வாசிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள். பியோ சாரிடம் அவை ஓர் அலமாரி நிறைய உண்டு. 'வாசித்ததை மறக்காமல் இருக்கும் வழி' என்ற புத்தகத்தின் இரண்டு பிரதிகள் அங்கே அருகருகே நிற்கின்றன. வாங்கியதை மறந்துவிட்டு மறுபடியும் வாங்கியது இரண்டாவது.

வீட்டில் கவனம் சிதறுகிறது என்று கொஞ்சநாள் எங்கள் தெருமுனையில் மணிக்கணக்கில் இடம் வாடகைக்கு விடும் படிப்பு கஃபேவுக்குப் போய்வந்தார். அங்கே பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பியோ சார் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தார், வெயில் அதிகம். மூலைக்குப் போனார்; குளிர்சாதனம் நேராக அடித்தது. நடுவில் உட்கார்ந்தார். பிறகு பொறுப்பாளரிடம் போய் ஒரு புகார் கொடுத்தார்: பக்கத்து மேசைப் பெண் பக்கங்களை மிக வேகமாகப் புரட்டுகிறாள், அந்தச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது.

புரட்டுகிற சத்தம் அவருக்குப் பழக்கமில்லை. பாவம்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். அவர் மனைவி இன்சுக் அக்கா தபால் நிலையக் கவுன்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்றதும் அந்த வருடங்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதினார். தேஜோன் நகரில் ஒரு சிறிய பதிப்பகம் அதை வெளியிட்டது. மெல்லிய புத்தகம். பஸ்ஸில் போகவர வாசித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். எனக்கு முடிந்தது. எங்கள் குடியிருப்பின் சிறு நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்புக் குழுவில் எல்லோருக்கும் முடிந்தது. சலவைக்கடை கூ அண்ணனுக்கு முடிந்தது. வாசல் காவலருக்கும் முடிந்தது.

முடியாதவர் ஒருவர்தான்.

அவர் அதை எப்படி வாசித்தார் என்று பார்த்துவிடுங்கள். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் வாசித்த பக்கத்தைப் படமெடுத்துக் கைபேசிக் குழுவில் போட வேண்டும், சாட்சிக்கு. மற்றவர்கள் போடும் படங்களில் நூடுல்ஸ் கிண்ணமும் பூனை வாலும் தெரியும். பியோ சாருடையவை அட்டைப்படத்துக்கு அனுப்பலாம்போல இருக்கும். தாங்கியில் நிமிர்ந்து நிற்கும் புத்தகம், இடப்பக்க வெளிச்சம், சாய்வாகப் படுத்திருக்கும் பென்சில். குழு முழுவதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும். ஒரு வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன்: எல்லாப் படத்திலும் ஒரே பக்கம். முதல் அத்தியாயத்தின் முதல் பக்கம். மாறியது நிறம் மட்டும்தான். முக்கியமான வரிக்கு மஞ்சள், மிக முக்கியமானதற்கு ரோஜா, மறக்கக் கூடாததற்குப் பச்சை, பிறகு யோசிக்க வேண்டியதற்கு நீலம். நவம்பரில் அந்தப் பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடமும் மிச்சமில்லை. பக்க எண்ணுக்குக்கூடப் பச்சை பூசியிருந்தார்.

கையால் எழுதினால் மனதில் பதியும் என்று யாரோ சொல்ல, முதல் வாக்கியத்தை மைப்பேனாவால் நல்ல தாளில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டினார். "தபால்தலையை நாக்கில் நனைத்து ஒட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்" என்பது அந்த வாக்கியம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அது ஏதோ பழைய ஞானியின் பொன்மொழி என்று நினைத்துத் தலையாட்டுவார்கள்.

என் அம்மா அனுப்பிய கிம்ச்சி ஊறுகாயைக் கொடுக்க ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கைபேசிதான் கவனத்தின் எதிரி என்பதால் பியோ சார் அதைக் கம்பி வைத்த சின்னப் பெட்டிச் சிறையில் போட்டுப் பூட்டியிருந்தார். குறித்த நேரம் முடியாமல் அது திறக்காது. அப்படியானால் தினசரிப் படத்தை எடுப்பது யார்? இன்சுக் அக்காதான். நறுக்கிய பேரிக்காய்த் தட்டை மேசையோரம் வைத்துவிட்டு, தன் கைபேசியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றார்.

"தட்டு படத்துல விழுது, தள்ளி வை" என்றார் பியோ சார்.

"தள்ளிட்டேன். சிரிக்காதீங்க. படிக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்கோங்க."

"படிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப கண்ணு புத்தகத்துல இருக்கணும்."

அவர் கண்ணைப் புத்தகத்துக்குத் திருப்பினார். அக்கா எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். என்னிடமும் காட்டினார். அதே பக்கம். குழுவில் அனுப்பினார்.

மூன்றாவது அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று இப்போது நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அங்கே பேசுவது இன்சுக் அக்கா.

'மொக்போவில் கடல் தெரிகிற ஓர் அறையை மார்ச்சிலிருந்து ஒரு வருடத்துக்குப் பிடித்திருக்கிறேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை வாசிக்கிற அன்று இவரே கேட்பார். போகாதே என்றால் யோசிப்பேன். நானும் வருகிறேன் என்றால் பெரிய அறையாகப் பார்ப்பேன். பிப்ரவரி முடியும்வரை காத்திருக்கிறேன்.'

அவ்வளவுதான். ஊருக்கே தெரியும். புத்தகம் எழுதியவரின் கணவருக்குத் தெரியாது.

நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைக்காதீர்கள். சலவைக்குப் போட்ட சட்டையை வாங்க வந்த பியோ சாரிடம் கூ அண்ணன் கேட்டார்: "சார், மொக்போ பக்கம் போயிருக்கீங்களா? இந்த வயசுல அங்க போய் இருந்தா நல்லா இருக்கும்."

"காத்து ஜாஸ்தி அங்க. பக்கமெல்லாம் படபடன்னு அடிக்கும். கவனம் எப்படி நிக்கும்?"

"புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கடலைப் பாருங்களேன்."

"நீங்க வாசிப்பை ஒரு பயிற்சியா எடுத்துக்கலை அண்ணே."

ஜனவரிக் கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. அன்று குழுத் தலைவி பொறுமையிழந்து, "சார், நேரா மூணாவது அத்தியாயத்துக்குப் போங்க, தப்பில்ல" என்றார். பியோ சார் காதைப் பொத்திக்கொண்டார். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மூளை சோம்பேறியாகிவிடும், வரிசையாக வாசித்தால்தான் நிற்கும் என்று விளக்கினார். விளக்கம் நீண்டது. எந்தப் புத்தகம் என்றாலும் கூட்டத்தில் அவர் பேசுவது இந்த விளக்கத்தைத்தான். நாங்களும் இத்தனை நாள் அதைக் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறோம். யாரும் அவரிடம் கதை என்ன என்று கேட்டதில்லை.

நேராகப் போட்டு உடைத்துவிடலாமே என்று அக்காவிடமே ஒருநாள் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா. முப்பது வருஷம் வாயால சொல்லிப் பார்த்தாச்சு. ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேனே."

"சார் அந்தப் பக்கத்துக்கு வராமலே போயிட்டா?"

"அதுவும் பதில்தானே." ஒரு காலுறையை உதறினார். "அந்த மனுஷனுக்கு ஜோடி காலுறை எங்க இருக்குன்னு மட்டும் ஒருத்தர் சொல்லிக் கொடுக்கணும்."

இங்கே நீங்கள் பியோ சாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. அன்று மாலை அக்கா மேசையோரம் வைத்த தட்டில் இருந்தது என்ன பழம்? மேலே போய்ப் பார்க்கக் கூடாது. சட்டம் போட்டு மாட்டிய வாக்கியமாவது நினைவிருக்கிறதா? இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். வெளிச்சம் சரியில்லாமல் இருந்திருக்கும். நாற்காலி சரியில்லாமல் இருந்திருக்கும். நல்ல பென்சில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு, உங்கள் வீட்டில் யாராவது உங்களுக்குப் புரியட்டும் என்று எதையாவது எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று, நேரம் கிடைக்கும்போது, பாருங்கள்.

பியோ சார் என்னிடம் ஒரே ஒரு முறைதான் உதவி கேட்டார். பிப்ரவரிக் கடைசிச் சனிக்கிழமை அக்காவின் புத்தகத்துக்கான கூட்டம். அக்காவும் வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அதே லிஃப்டில் என்னைப் பிடித்தார். கையில் தாங்கியும் இல்லை, விளக்கும் இல்லை. முதல் முறையாக அவர் முகத்தில் கொஞ்சம் பயம் தெரிந்தது.

"சனிக்கிழமை அவ பக்கத்துலயே உக்காந்திருப்பாம்மா. எது பிடிச்சதுன்னு என்னைத்தான் முதல்ல கேப்பாங்க. நீ நிதானமாப் படிக்கிற பொண்ணு. ஒவ்வொரு அத்தியாயத்தையும் ரெண்டு ரெண்டு வரியில சொல்லிடேன். நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்."

எட்டாவது மாடிக்குள் சொல்லி முடித்துவிடலாம்.

"சொல்றேன் சார். மூணாவது அத்தியாயத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?"

அவர் அவசரமாகக் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அதை மட்டும் விட்டுடும்மா. அதுதான் நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது. அதை நான் அவசரப்படாம, முழுக் கவனத்தோட, மார்ச்சுல படிச்சுக்கறேன்."