இரண்டாம் தடவை ஒன்றாம் வகுப்பு

ஒன்றாம் வகுப்பை ஒரே தடவை படித்துத் தேறியவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாம் பார்க்கப் போவது, அதே வகுப்பை நாற்பதை நெருங்கும் வயதில், பெற்ற குழந்தையின் பெயரில், மறுபடி படித்துக்கொண்டிருக்கும் அப்பா இனத்தை. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பென்சில் சீவிய தூள் இருக்கும், விரலில் பசை காய்ந்திருக்கும், அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வாரம் எங்களுக்கு வீட்டுப்பாடம் ஜாஸ்தி" என்று சலித்துக்கொள்வார். 'எங்களுக்கு'! கவனித்தீர்களா?

மாதிரிக்கு நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். போன மாதம் அவர், மன்னிக்கவும், அவர் மகள் அட்டைப் பெட்டியில் செய்த பேருந்துக்குக் கதவு திறந்து மூடியது, முன்விளக்கு எரிந்தது, ஓட்டுநருக்கு மீசை கூட இருந்தது. ஆனாலும் ஆசிரியை ஒட்டியது வெள்ளி நட்சத்திரம்தான். தங்க நட்சத்திரம், சக்கரம் கழன்று தொங்கிய ஒரு பையனின் சோப்புப் பெட்டிப் பேருந்துக்குப் போய்விட்டது. அதைச் செய்தது அந்தப் பையனேயாம்! மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த தடவை தங்கத்தை வாங்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை மகள் ஒரு காகிதக் கோப்பையோடு வந்தாள். அதில் ஈரப் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு மொச்சை விதை. கூடவே கோடு போடாத நோட்டு ஒன்று. தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், பார்க்க வேண்டும், பார்த்ததை நோட்டில் வரைய வேண்டும், வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். ஆறு வயதுக்கு அவ்வளவுதான் பாடம்.

"அப்பா, நான் ஊத்தறேன்."

"நீ சிந்திடுவ. குடு இப்படி."

"மிஸ் என்னைத்தான் பாக்கச் சொன்னாங்க."

"பாரேன், யாரு வேணாம்னா? அப்பா ஊத்தறேன், நீ பாரு."

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மொச்சை ஆறு முறை குளித்தது. மதியம் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி. "எப்படி இருக்கு?" என்றார். "மொச்சை சௌக்கியம். நானும் சௌக்கியந்தான், நீங்க கேக்கலைன்னாலும் சொல்லிடறேன்" என்றாள் மனைவி. அன்று மாலையே ஒரு பெரிய சார்ட்டில் ஐந்து நாள் வளர்ச்சியையும் அளவு பிசகாமல் வரைந்து முடித்துவிட்டார். விதை இன்னும் முளைக்கவில்லையே என்று கேட்கிறீர்களா? வீடு கட்டி முடித்த பிறகா வரைபடம் போடுவார்கள்?

வரைபடம் சொன்னபடி வீடு எழும்பவில்லை என்பதுதான் தொல்லை. புதன்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. இடுக்கியால் விதையை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி புதைத்தார். "வெளிய வர்றதையும் பயமுறுத்தி உள்ள அனுப்புங்க" என்று மனைவி சொன்னது காதில் விழவில்லை. வியாழக்கிழமையும் அது ஊறி உப்பியதோடு சரி.

ஆனால் நம்மவர் ஏமாளியா என்ன? எதற்கும் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை இரவே கடையில் மொச்சை வாங்கி ஊறப்போட்டு, மறுநாள் அலுவலக மேசையில் எட்டு விதைகளைத் தனியாக முளைக்கப் போட்டிருந்தார். அதில் முதலில் முளைவிட்ட ஒன்றைப் பத்திரமாய் வீட்டுக்குக் கொண்டு வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் மறைத்தது ஒரு மொச்சையைத்தான். மகளின் விதை குப்பைக் கூடைக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை. குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க, உட்கார்ந்திருந்தார். மகள் பேச வேண்டியதை அவரே எழுதி, மனப்பாடம் செய்யவும் வைத்திருந்தார். அவள் எழுந்தாள். சார்ட்டைத் தொடவே இல்லை. தன் நோட்டைப் பிரித்தாள்.

"திங்கக்கிழமை விதை இருந்துச்சு. செவ்வாக்கிழமை அப்பா தலை இருந்துச்சு. விதை தலைக்குப் பின்னாடி இருந்துச்சு, அதனால தெரியல. புதன்கிழமை அப்பா விதையைத் தோண்டி எடுத்தாரு. வியாழக்கிழமை வேற விதையைக் கொண்டாந்து வெச்சாரு. இது அந்த விதை. என்னோடது குப்பைக் கூடையில."

ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கோப்பை சின்னதாக, தலை பெரிதாக. வகுப்பே சிரித்தது. நாலைந்து அப்பாக்கள் மட்டும் சிரிக்காமல் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்ததை அப்படியே வரைஞ்சிருக்கியே!" என்று ஆசிரியை தங்க நட்சத்திரத்தை எடுத்து நோட்டில் ஒட்டினார். பிறகு, "சார், சார்ட்டை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. அளவெல்லாம் ரொம்பச் சரியா இருக்கு" என்றார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அதற்குள்ளும் மகளை நினைத்து ஒரு பெருமை எட்டிப் பார்த்தது என்றால் அந்த இனத்தை என்ன சொல்ல?

அடுத்த வாரம் ஒரு நாள், குளியலறை ஜன்னலில் பழைய சோப்பு டப்பா ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே பஞ்சு. பஞ்சில் அந்தக் குப்பைக் கூடை மொச்சை, பச்சையாய்த் தலை தூக்கி நின்றது. எப்போது பொறுக்கினாள், எப்போது தண்ணீர் விட்டாள், ஒன்றும் தெரியாது. எவ்வளவு உயரம் என்று தெரிந்துகொண்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஸ்கேலை எடுத்துக்கொண்டு பூனை போல் நடந்தார்.

"அப்பா!"

நான் ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

சரி, குட்டு உடைந்துவிட்டது, போகட்டும். நீங்கள் சிரித்து முடித்துவிட்டீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டுக் குழந்தையின் நோட்டைப் பிரித்து, கடைசியாக வரைந்த படத்தைப் பாருங்கள். நடுவில் பெரிதாக ஒரு தலை இருந்தால், அது யாருடையது என்று குழந்தையிடம் கேட்க வேண்டாம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும்.