நின்று நின்று ஓடிய லொறி

நாகலிங்கத்தாரின் லொறி மறுபடியும் நடுரோட்டில் நின்றுவிட்டது. கணினித் திரையில்தான் நின்றது. ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டில் இருந்த அவருக்கு நெஞ்சு பதறியது. முன்னே போய்க்கொண்டிருந்த லொறி கனடாவில் இருக்கும் மகன் கஜானனுடையது.

"பொறு தம்பி, வாறன்," என்று கணினி மைக்கில் மகனுக்குச் சொன்னார்.

தொலைபேசியில் தகப்பனும் மகனும் கதைத்தால் "சாப்பிட்டியோ?", "ஓம்" என்பதோடு சரக்குத் தீர்ந்துவிடும். இந்த லொறி விளையாட்டில்தான் மகன் ஒரு மணித்தியாலம் கூடவே இருந்தான். காத்திருந்து அலுத்து அவன் இதையும் விட்டுவிட்டால், பிறகு மகன் என்று சுவரில் மாட்டிய கலியாணப் படம்தான் மிச்சம். அந்தப் பயம் அவரைத் தின்றது.

ஓடும்போது அவர் வாய் திறப்பதில்லை. கண் முழுக்க ரோட்டில் இருக்கும். லொறி நின்றால் மட்டும் வெட்கத்தை மறைக்க எதையாவது கதைப்பார். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கியது, பக்கத்து வீட்டு மதில் சரிந்தது, மனைவியின் முழங்கால் வலி, எல்லாம் வரும்.

கணினி திருத்தும் சிவரூபன் வந்து பார்த்தான்.

"ஐயா, இதிலை படத்தை வேகமா ஓட்டுற கிராபிக்ஸ் கார்ட் தனியா இல்லை. உள்ளுக்கை இருக்கிறதே சும்மா விளையாடுற ஆளுக்குக் காணும்."

படத்தின் தரத்தைக் குறைத்துவிட்டுப் போனான். மரங்கள் மறைந்தன. பாலமும் ஆறும் ஒரே நிறமாகின. அன்று பின்னேரமே நாகலிங்கத்தார் லொறியோடு ஆற்றில் இறங்கினார்.

கணினியின் சூடுதான் காரணம் என்று முடிவுகட்டி, மனைவி பராசக்தி தூசிக்குப் போர்த்தியிருந்த லேஸ் துணியை உருவினார். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே ஃபானை அதற்கு நேரே வைத்தார். லொறி அப்போதும் நின்றது. இரைச்சலில் மகனின் குரலும் கேட்காமல் போயிற்று.

"எனக்கில்லாத காத்து உதுக்கோ?" என்று பராசக்தி வியர்வையைத் துடைத்தாள்.

கடைசியில் மனுஷன் மோட்டார் சைக்கிளை விற்றுக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கினார். பராசக்தி நல்லநேரம் பார்த்து அதன் பெட்டிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாள்.

லொறி பறந்தது. இரண்டு லொறியும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒரு சொல்லும் இல்லாமல், ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

"நல்லா ஓடுது அப்பா. வைக்கிறன்," என்றான் மகன்.

அடுத்த நாளும் அதே கதை. அதற்குப் பிறகு மகனின் லொறி வரவில்லை. வேலை கூடிப்போச்சு என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. தன் வேகம் இன்னும் போதவில்லை என்றே நாகலிங்கத்தார் நினைத்தார். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பையும் விற்கலாமா என்று யோசித்தபடி கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மருமகள் நிவேதனா கதைத்தாள்.

"பிள்ளை, இதைவிட நல்ல கார்ட் ஒண்டு போடப்போறன். அவனை ஒருக்கா வரச்சொல்லு."

நிவேதனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"வேண்டாம் மாமா. அவருக்கு உந்த லொறி ஓடவே தெரியாது, ஓடினது நான். உங்கடை லொறி நிக்கேக்கை நீங்கள் கதைக்கிறதைக் கேக்கத்தான் அவர் பக்கத்திலை இருந்தவர்."